மூட்டைக்குள் போகாத கை

நான் கோட்டைக் கழற்றியதால்தான் ஆர்டர் பாதியாகப் போனது என்று என் மகன் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான். என்னிடம் நேராகச் சொல்ல மாட்டான். அவன் அம்மாவிடம் சொல்வான், அவள் எனக்குச் சோறு போடும்போது சொல்வாள். வேலந்தாவளம் டீக்கடையிலும் நாலு பேர் இதையே பேசுவதாகக் கேள்வி. பேசட்டும். நடந்ததை நானே எழுதி வைத்துவிடுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் படித்தது மூன்றாம் கிளாஸ். மூன்றாம் கிளாஸ் படித்துவிட்டுக் கஞ்சிக்கோட்டில் சொந்தமாக மாட்டுத்தீவன மில் வைத்திருக்கிறவன் இன்னொருத்தன் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவனுக்கு நானே மாலை போடுகிறேன்.

என்னை ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை. சந்தை நாளில் மாடு ஓட்டிக்கொண்டு போகிற கூலிக்காரனாகத்தான் ஆரம்பித்தேன். விற்கிறவன் விலைதான் பேசுவான், வாங்கிப்போகிறவன்தான் அதற்குத் தீனி என்ன போடுவது என்று முழிப்பான். அந்த முழியைப் பார்த்துத்தான் எனக்குத் தொழில் தோன்றியது. சைக்கிள் கேரியரில் இரண்டு மூட்டைப் பிண்ணாக்கு வைத்து கேரள எல்லை தாண்டி ஊர் ஊராக விற்றேன். பிறகு ஒரு அரவை மிஷின். பிறகு ஒரு ஷெட். இன்றைக்கு நாற்பது பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். அதில் பாதிப் பேர் அஸ்ஸாம், ஒடிசாக்காரர்கள். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவர்களுக்குத் தெரியாது. வேலை நடக்கிறது.

என் படிப்பு முழுக்க இந்த வலது கையில்தான் இருக்கிறது. இதைச் சொன்னால்தான் மற்றது புரியும், அதனால் சொல்லிவிடுகிறேன். தீவனத்துக்கு முக்கியமான சரக்கு மக்காச்சோளம். காயாத சோளத்தை மூட்டை கட்டினால், அது உள்ளே தானாகச் சூடாகும். சூடான இடத்தில் பூஞ்சை பிடிக்கும். அதைத் தின்கிற மாட்டுக்குப் பால் வற்றும், சினை கலையும். மேலே கைப்பிடி அள்ளிப் பார்த்தால் தங்கம் மாதிரி இருக்கும். நான் மூட்டை வாயைப் பிரித்து, அக்குள் வரைக்கும் கையை உள்ளே விட்டு, அடியில் கொண்டுபோய் வைத்துப் பத்து எண்ணுவேன். புறங்கைக்குச் சூடு தெரியும். வெளியே எடுத்து மோந்தால் மீதி தெரியும். ஒரு லாரிக்கு இருபது மூட்டை, அதுவும் நடு வரிசையிலிருந்து உருவச் சொல்லிப் பார்ப்பேன். ஏனென்றால் நல்ல மூட்டையைப் பின்பக்கம் அடுக்கி, கெட்டதை நடுவில் வைப்பதுதான் விற்கிறவன் வழக்கம்.

மகன் கோயமுத்தூரில் எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து, ஈரம் பார்க்கிற மிஷின் ஒன்று வாங்கி வைத்தான். நல்ல மிஷின்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் வாயில் என்ன போடுகிறோமோ அதைத்தான் அது பார்க்கும்.

போன வருஷம் அவன் ஒரு பெரிய வேலை செய்தான். வெளி மாநிலத்துப் பால் கம்பெனி ஒன்று, தங்களுக்குப் பால் ஊற்றுகிற விவசாயிகளுக்கெல்லாம் தீவனம் வாங்கிக் கொடுக்க மில் தேடிக்கொண்டிருந்தது. இவன் நாலு தடவை கொச்சியிலிருக்கிற அவர்கள் ஆபீசுக்குப் போய்ப் பேசி, அவர்களை மில்லைப் பார்க்க வரச் சம்மதிக்க வைத்துவிட்டான். அந்த ஆர்டர் கிடைத்தால் மில் இரண்டு மடங்காகும். பக்கத்து இடத்தில் இன்னொரு ஷெட் போடப் படம் கூட வரைந்து வைத்திருந்தான். எனக்கும் ஆசைதான். ஆசை இல்லை என்று சொன்னால் பொய்.

வருவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு நாள் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அப்பா, அவங்கெல்லாம் கோட்டு சூட்டுல வருவாங்க. நானும் போட்டுக்குவேன். நீங்க மட்டும் வேட்டியில நின்னா வாட்ச்மேன்னு நெனச்சுக்குவாங்க."

"நெனச்சா கேட்டைத் தெறக்கச் சொல்லுவாங்க. தெறந்து உட்டாப் போச்சு."

"வெளையாடாதீங்கப்பா. இந்த ஒரு நாளைக்கு."

நாலு தடவை கொச்சிக்கு அலைந்தவன் அவன். சரி என்றேன்.

கோயமுத்தூரில் ஒரு கடை. உள்ளே குளிர் மிஷின் போட்டு, உட்காரச் சோபா போட்டு, குடிக்க ஜூஸ் கொடுத்தார்கள். ஜூஸ் கொடுக்கிற துணிக்கடையில் பில் எப்படி இருக்கும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. டெய்லர் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி வந்தார்.

"வயித்தை லூசா உடுங்க சார், எக்கிப் புடிக்காதீங்க."

"நான் எக்கலைங்க. உட்டது உட்டபடிதான் இருக்குது."

அப்புறம் தோளை அளந்தார். இன்னொரு தடவை அளந்தார். பெரிய டெய்லர் ஒருத்தரைக் கூப்பிட்டு அவரையும் அளக்கச் சொன்னார். என் வலது தோள் இடதை விடக் கீழே இறங்கி இருக்கிறதாம், வலது கை ஒரு இன்ச் பருமனாம். "பரவாயில்லைங்க சார், உள்ள பேடு வெச்சுச் சமம் பண்ணீரலாம். வெளிய தெரியாது" என்றார். ஐம்பது வருஷம் மூட்டை தூக்கி நான் சம்பாதித்த தோள் அது. அதை மறைத்துத் தருவதற்கு என்னிடமே காசு கேட்கிறார்கள். மகன் முகத்தைப் பார்த்துவிட்டு, அளக்கட்டும் என்று கையை நீட்டிக் காட்டினேன்.

முப்பத்தெட்டாயிரம் ரூபாய். ஷூவும் டையும் தனி. அந்தக் காசுக்கு வேலந்தாவளம் சந்தையில் ஒரு சினைக் கிடேரி பிடிக்கலாம். கிடேரி கன்று போடும், பால் கறக்கும், சாணி போடும். இது அலமாரியில் தொங்கும். தொங்குவதற்கும் இதற்குச் செலவு உண்டு. தண்ணீரில் நனைக்கக் கூடாது, நம் வீட்டில் தேய்க்கக் கூடாது, ஒவ்வொரு தடவையும் பாலக்காட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்க வேண்டும். என் நாலு வேட்டி சட்டையை வருஷம் பூராவும் வெளுக்க அவ்வளவு ஆகாது.

அந்த நாள் வந்தது. பங்குனி வெயில். பாலக்காட்டு வெயிலைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், மலைக்கு நடுவிலிருக்கிற இடைவெளி வழியாக அனல் காற்று வீசும், தார் ரோட்டில் செருப்பு ஒட்டும். அந்த வெயிலில் பனியன், அதற்கு மேல் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் கோட்டு, உள்ளே பட்டுத் துணி வைத்துத் தைத்தது. மகன் எதிரே நின்று எனக்கு டை கட்டினான். சின்ன வயதிலிருந்து வெறுங்காலில் நடந்து விரிந்த பாதம் என்னுடையது, அதை ஷூவுக்குள் தள்ளியபோது விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

எங்கள் வீட்டுக்காரி வாசலில் நின்று மேலேயும் கீழேயும் பார்த்தாள்.

"ஏனுங்க, சந்தைக்கு ஓட்டீட்டுப் போற காளைக்குக் கூட இத்தனை சோடனை பண்ண மாட்டாங்களே."

"நல்ல வெலைக்குப் போகும், புள்ள."

"வாயத் தெறந்துறாதீங்க. பல்லப் புடிச்சுப் பாத்தா வயசு தெரிஞ்சுபோயிரும்."

மகன் மட்டும் சிரிக்கவில்லை.

மில் கேட்டில் எடைமேடைக்காரர் எழுந்து நின்று, "குட்மார்னிங் சார்" என்றார். பதினாறு வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறவர். நான் "என்னப்பா, இன்னைக்கு எத்தனை லாரி" என்று கேட்ட பிறகுதான் அவருக்கு ஆள் தெரிந்தது. அவர் சிரிப்பை அடக்கிய அடக்கில் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. மகன் அவரிடம், "அப்பாவை இன்னைக்கு மூட்டைகிட்டப் போக உடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதினொரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருத்தர், கணக்கு அதிகாரி ஒருத்தர். இரண்டு பேரும் கோட்டு. மூன்றாவது ஒரு மாட்டு டாக்டரம்மா, மலையாளத்துக்காரர், தமிழும் பேசினார். அந்த அம்மா சாதாரணச் சுடிதாரில் வந்திருந்தார். கோட்டு போட்ட இருவரும் குளிர் காரிலிருந்து இறங்கி நேராகக் குளிர் ஆபீசுக்குள் போனார்கள். கோட்டு எந்த ஊருக்குச் செய்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குளிர் மிஷினிலிருந்து குளிர் மிஷினுக்குப் போகிறவனுக்குச் செய்தது அது. நடுவில் நிற்கிறவனுக்கு இல்லை.

ஆபீசில் மகன் இங்கிலீசில் பேசினான். நன்றாகப் பேசினான், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் தலையாட்டினேன். உட்கார்ந்தால் கோட்டு முதுகில் தூக்கிக்கொண்டது, முன்னால் சாய்ந்தால் டை தொண்டையைப் பிடித்தது. கையை மேஜைமேல் வைத்தால் அது யாரோ ஒருத்தன் கை மாதிரி இருந்தது. வந்தவர்களுக்குக் கொடுக்க மறையூர் வெல்லம் மூன்று டப்பா வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்துக் கொடுப்பது ஒன்றுதான் எனக்கு மகன் கொடுத்திருந்த வேலை.

அப்புறம் எல்லோரும் மில்லைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். அந்த நேரம் பார்த்து ஒரு சோள லாரி உள்ளே வந்தது. மகன் அதையும் காட்ட நினைத்தான். பின்வரிசை மூட்டையில் குத்தூசியால் கொஞ்சம் சோளம் எடுத்து, மிஷினில் போட்டு, நம்பரைக் காட்டினான். பெரிய அதிகாரி தலையாட்டினார். இறக்குங்கள் என்று சைகை காட்டினான். ஆட்கள் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்குள் போக ஆரம்பித்தார்கள்.

நான் ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு வரிசை வரைக்கும் ஒன்றும் இல்லை. மூன்றாவது வரிசை மூட்டை முதுகில் ஏறியதும், ஒரு அஸ்ஸாம்காரன் இடுப்பில் இருந்த துண்டை உருவி, பிடரிக்கும் மூட்டைக்கும் நடுவில் செருகினான். அடுத்து வந்தவனும் அதே மாதிரி செருகினான். வெயிலில் நிற்கிற லாரி மூட்டை மேலே சுடும், அது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது வரிசை நடுவில் இருப்பது. அது ஏன் சுட வேண்டும்?

நேராகப் போய் ஒரு மூட்டையை இறக்கி வைக்கச் சொன்னேன். வாயைப் பிரித்துக் கையை விட்டேன். முழங்கை வரைக்கும் போனது, அதற்கு மேல் போகவில்லை. கோட்டுக் கை மூட்டை வாயில் சுருண்டு அடைத்துக்கொண்டது. அக்குளில் இறுக்கித் தைத்திருந்ததால் தோள் இறங்க மாட்டேன் என்றது. இடது கையைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் அப்படியே. போன அளவுக்குச் சூடு தெரிகிறதா என்று பார்த்தால், அதுவும் தெரியவில்லை. என் உடம்பே கோட்டுக்குள் வெந்துகொண்டிருக்கிறது. வெந்துகொண்டிருக்கிறவனுக்கு இன்னொன்று வேகிறது எப்படித் தெரியும்?

மகன் பக்கத்தில் வந்து காதோடு சொன்னான். "அப்பா, எனக்கும் சந்தேகமாத்தான் இருக்குது. ஷெட்டுல தனியா வெச்சுக்கலாம். இவங்க போனதும் பாத்துக்கலாம். இப்ப வேண்டாம்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்தவர்கள் முன்னால் கெட்ட சரக்கை வெளியே எடுத்துக் காட்டினால், இந்த மில்லுக்குக் கெட்ட சரக்கு வருகிறது என்றுதான் எழுதிக்கொள்வார்கள். அவன் நாலு தடவை போனது வீண். ஷெட் படம் வீண். தனியாக வைத்துவிட்டுச் சாயங்காலம் பார்த்திருக்கலாம்.

ஆனால் தனியாக வைத்த மூட்டை தனியாகவே இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அஸ்ஸாம்காரனுக்கு என் பாஷை தெரியாது. எடுத்துக் கொட்டு என்று யாராவது கைகாட்டினால் கொட்டிவிடுவான். ஒரு தடவை அப்படித்தான் ஆனது. நான் முதல் மிஷின் போட்ட புதிதில், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்த மூட்டை ஒன்று அரவையில் கலந்துவிட்டது. ஒத்தை மாடு வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா அந்தத் தீவனத்தை வாங்கிக்கொண்டு போனார். மாட்டுக்கு ஏழு மாதச் சினை கலைந்துவிட்டது. அந்த அம்மா வந்து என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து என் கடை முன்னால் கட்டிவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் வேறு மாடு பிடித்துக் கொடுத்தேன். வாங்கி ஓட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து என் மில்லில் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

கோட்டைக் கழற்றினேன். கழற்ற வரவில்லை, வியர்வையில் சட்டையோடு ஒட்டிக்கொண்டது. உருவி எடுத்துப் பக்கத்தில் கிடந்த தவிட்டு மூட்டைமேல் போட்டேன். டையை அவிழ்க்கத் தெரியாமல் தப்புப் பக்கம் இழுத்துவிட்டேன், அது கழுத்தை நெரித்தது. இறுகிப்போன முடிச்சோடு தலை வழியாகக் கழற்றினேன், காது இரண்டும் எரிந்தது. சட்டைக் கையைச் சுருட்டப் பார்த்தேன், அதுவும் இறுக்கம். பொத்தானை ஒவ்வொன்றாக அவிழ்க்கப் பொறுமை இல்லை. இழுத்தேன், இரண்டு பொத்தான் தெறித்தது. பனியனோடு நின்றேன். மகன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

கையை விட்டேன். அக்குள் வரைக்கும் போனது. பத்து எண்ண வேண்டியிருக்கவில்லை, மூன்றிலேயே தெரிந்துவிட்டது. உலையில் கை விட்ட மாதிரி இருந்தது. அடியிலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்தேன். பத்துப் பதினைந்து சோளம் ஒன்றோடு ஒன்று ஒட்டி, மேலே பச்சையும் நீலமுமாகப் பூஞ்சை. அந்த நாற்றம் எழுந்ததும் கணக்கு அதிகாரி கர்ச்சீப்பை மூக்கில் வைத்தார். பெரிய அதிகாரி வாட்ச்சைப் பார்த்தார்.

டாக்டரம்மா மட்டும் கிட்டே வந்தார். அந்தக் கட்டியை என் கையிலிருந்து வாங்கி, உடைத்து, மோந்து பார்த்தார்.

"எப்படிச் சந்தேகம் வந்தது?"

"மூட்டை தூக்கறவன் கழுத்துல துண்டு போட்டானுங்க."

அந்த அம்மா அஸ்ஸாம்காரன் கழுத்தைப் பார்த்தார். துண்டு அங்கேயே இருந்தது. "இந்த லாரியை என்ன செய்வீங்க?"

"திருப்பி அனுப்பறதுதானுங்க."

"எறக்கின மூட்டையும்?"

"அதையும் ஏத்தித்தானுங்க."

மற்ற இருவரும் ஆபீசுக்குள் போய்விட்டார்கள். டாக்டரம்மா அந்த வெயிலிலேயே நின்றார். இறக்கிய மூட்டையெல்லாம் திரும்ப ஏற்றி, லாரி எடைமேடை தாண்டிக் கேட்டுக்கு வெளியே போகிற வரைக்கும் நின்றார். நானும் பனியனோடு பக்கத்தில் நின்றேன்.

மகன் சொல்லிவைத்திருந்த சாப்பாட்டை அவர்கள் சாப்பிடவில்லை. நேரம் ஆகிவிட்டதாம். வெல்ல டப்பா மூன்றும் மேஜைமேலேயே இருந்தது. கார் போன பிறகு மகன் என் கோட்டை மூட்டைமேலிருந்து எடுத்து, தவிட்டுத் தூசியைத் தட்டி, மடித்துக் கையில் கொடுத்தான்.

"முப்பத்தெட்டாயிரம் ரூபாய்ப்பா" என்றான். அவன் சொன்னது கோட்டின் விலை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் அவன் என்னிடம் தொழில் விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. தப்புச் செய்தவன்தான் முதலில் பேச வேண்டும், நான் தப்புச் செய்யவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. கேட்டதில் பாதி அளவுக்கு ஆர்டர், ஒரு வருஷத்துக்கு. மீதிப் பாதி வேறு ஒரு மில்லுக்கு. இரண்டாவது ஷெட் வேண்டியதில்லை, இருக்கிற ஷெட்டே போதும். கம்பெனியில் தெரிந்த ஒருத்தரிடம் மகன் விசாரித்திருக்கிறான். பெரிய அதிகாரி தன் ரிப்போர்ட்டில், இந்த மில்லில் ஒழுங்கான முறை ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறாராம்.

"நீங்க கோட்டைக் கழட்டாம இருந்திருந்தா முழுசும் வந்திருக்கும்" என்றான்.

"கழட்டாம இருந்திருந்தா ஒண்ணும் வந்திருக்காது. அந்த டாக்டரம்மா இல்லீன்னா இந்தப் பாதியும் ஏது?"

"முறை இல்லைன்னு எழுதியிருக்காங்கப்பா."

"முறை இருக்குது. அக்குள் வரைக்கும் இருக்குது. அந்த ஆளுக்குப் பாக்கத் தெரியலை."

அவன் எழுந்து போய்விட்டான். பாதி போனதற்கு அவன் ஒரு காரணம் சொல்கிறான், பாதி வந்ததற்கு நான் ஒரு காரணம் சொல்கிறேன். இரண்டு பேரும் இன்றைக்கு வரைக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் கொடுக்கப்போவதும் இல்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது கொச்சியில் ஒரு பெரிய ஓட்டலில். வருகிறவர்கள் கோட்டு சூட்டில் வர வேண்டும் என்று அழைப்பிலேயே இருந்ததாம். மகன் அந்தக் கோட்டைப் பாலக்காட்டில் கொடுத்துச் சுத்தம் செய்து, போன பொத்தான் இரண்டையும் சட்டையில் தைக்கச் சொல்லி, என் கட்டில்மேல் கொண்டுவந்து வைத்தான். வேட்டியோடு வருவதானால் வருகிறேன் என்றேன். எங்கள் வீட்டுக்காரி, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தத் துணி என்ன பாவம் பண்ணுச்சு" என்று சொல்லிக்கொண்டே அதை எடுத்து அலமாரியில் மாட்டினாள்.

நான் போகவில்லை. அவன் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறான், கோட்டு அவனுக்குப் பொருந்துகிறது. அவன் தோள் இரண்டும் சமம்.

அவன் கொச்சியில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு மில்லுக்கு இரண்டு லாரி வந்தது. முதல் லாரியில் குறை இல்லை. இரண்டாவதில் நாலாம் வரிசை மூட்டை ஒன்று லேசாகச் சூடாக இருந்தது, ஐந்து எண்ணுகிறபோது தெரிந்தது. முழுசையும் திரும்ப ஏற்றச் சொன்னேன். அந்தக் கம்பெனிக்குப் போக வேண்டிய முதல் லோடுக்கு வாங்கிய சோளம் அது. லோடு போக இரண்டு நாள் தாமதமாகும் என்று மகனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். ஓட்டல் சத்தம் கேட்டது. "சரிங்கப்பா, நானே அவங்ககிட்டச் சொல்லிக்கிறேன்" என்றான்.